தம்பி வந்தால் போடும் கேசட்

அத்தை வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்க்க வேண்டுமென்றால், நீங்கள் யாரோடெல்லாம் பேசுவதில்லை என்பது அத்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருக்கும். கேசட்டுகளையே அந்தக் கணக்கில்தான் அடுக்கி வைத்திருந்தார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உறவில் ஒரு பக்கத்தார் ‘எங்களைப் பற்றி ஏன் எழுதினாய்’ என்று போன் செய்வார்கள், மறுபக்கத்தார் ‘எங்களைப் பற்றி ஏன் குறைவாக எழுதினாய்’ என்று செய்வார்கள். அப்பாவின் மூத்த அக்கா, அவ்வளவு போதும். சாந்தோமில் கடலைப் பார்த்துப் போகும் சந்து ஒன்றில் இரண்டாவது மாடி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ளவர்களின் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு இணைத்துவிட்டு, தான் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்து பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மாமா கப்பலில் எலக்ட்ரீஷியன். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்தார். அதற்குள் போடும் கேசட், இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி வைத்த அளவுதான் இருக்கும். மாமா அதில் துறைமுகத்தையும் தன் கட்டைவிரலையும் படம் எடுத்தார். அதற்குப் பிறகு கேமரா அத்தையின் கைக்குப் போனது, திரும்பவேயில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு ஞானஸ்நானம், ஒரு நிச்சயதார்த்தம், ஒரு புதுமனை புகுதல்கூட அதன் கண்ணுக்குத் தப்பவில்லை. படம் எடுக்கும்போது அத்தை பேசிக்கொண்டே எடுப்பார். “இதோ வர்றாங்க, நம்ம பெரிய மதனி, பச்சை கலர் பட்டு, ரொம்ப அழகா இருக்குது. இதோ, பின்னாடி சின்ன மதனி, சிவப்பு கலர் பட்டு, அதுவும் ரொம்ப அழகா இருக்குது.” பச்சையைவிடச் சிவப்புக்கு ஒரு வார்த்தை கூடிவிடாது.

அத்தை அப்படித்தான். “யார் மனசும் நோகக் கூடாது, பாப்பா” என்பார். மற்றவர்கள் அதைச் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். அத்தை அதையே முழுநேர வேலையாகச் செய்தார். வீட்டுக்கு வருகிறவரிடம் டீயா காபியா என்று கேட்க மாட்டார்; இரண்டையும் போட்டுக்கொண்டு வந்து வைப்பார். பங்குச் சாமியார் ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடில் போட்டிக்கு நடுவராக அத்தையைப் போட்டார். அத்தை சந்து சந்தாகப் போய், ஒவ்வொரு குடிலையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே அளவு நேரம் படம் எடுத்து, எல்லாருக்கும் முதல் பரிசு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் சாமியார் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்.

கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்த ஜோரில் நான் தலைமுடியைக் காதுக்கு மேலே வெட்டிக்கொண்டு போய் நின்றேன். வீட்டில் எல்லாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லியாகிவிட்டது. அத்தை என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று, “எப்படி அத்தை இருக்கு?” என்றேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“காத்தோட்டமா இருக்கும்” என்றார்.

அவ்வளவுதான் கறக்க முடியும்.

இப்போது கேசட்டுகளுக்கு வருகிறேன். பீரோவின் அடித்தட்டில் பிஸ்கட் டப்பாக்கள். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து ஒவ்வொரு டப்பாவிலும் போட்டு வைத்திருப்பார். டப்பா மேல் வெள்ளை பிளாஸ்திரி. அதில் தேதி இருக்காது, விசேஷத்தின் பெயர் இருக்காது. ‘தம்பி வந்தா’ என்று ஒரு டப்பா. ‘தங்கச்சி வந்தா’ என்று ஒன்று. ‘மாமா வீட்டார் வந்தா’, ‘மாடி வீட்டார் வந்தா’. யார் வந்தால் எதைப் போட வேண்டும் என்பதுதான் வரிசை. தம்பி டப்பாவில் தம்பிக்கு ஆகாதவர் ஒருவர்கூடத் தலைகாட்டாத கேசட்டுகள் மட்டும் இருக்கும். ‘எல்லாரும் வந்தா’ என்றும் ஒரு டப்பா உண்டு. அதில் ஒரே ஒரு கேசட். போட்டுப் பார்த்தேன். கடல் அலை. நடுவில் ஒரு நாய் வருகிறது, போகிறது.

“ஏன் அத்தை இப்படி?”

“வீட்டுக்கு வந்தவ வடையை வாயில வெச்சிருக்கா. அப்போ டிவில ஆகாதவன் மூஞ்சி வந்தா அந்த வடை இறங்குமா, சொல்லு?”

ஆகாதவர் இல்லாத விசேஷம் எங்கள் குடும்பத்தில் ஏது? அதனால் அத்தை பிரதி எடுப்பார். கேமராவை வீடியோ டெக்கோடு இணைத்து, பெரிய கேசட்டில் பதியவிட்டு, வேண்டாத முகம் வரும்போது டெக்கை நிறுத்திவிட்டு, அது போனதும் மறுபடி பதியவிடுவார். ஒரே கல்யாணத்துக்கு ஆளாளுக்கு ஒரு பிரதி. என் அண்ணனின் பிறந்தநாள் பிரதி ஒன்றில், உடம்பில்லாத ஒரு கை வந்து கேக்கை ஊட்டிவிட்டுப் போகும். அது சித்தப்பாவின் கை. வாட்ச்சை வைத்து எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். சமாதானம் ஆகிவிட்டால் கேசட் டப்பா மாறும். பீரோவைத் திறந்து பார்த்தாலே அந்த மாதத்தின் குடும்ப நிலவரம் தெரிந்துவிடும்.

மாறவே மாறாத டப்பாக்கள் இரண்டு. சித்தப்பாவுடையதும் சின்னத்தையுடையதும். இருவரும் அத்தைக்கு இளையவர்கள்: சின்னத்தை தங்கை, அடையாறு, சித்தப்பா கடைசித் தம்பி, திருவான்மியூர். என் அப்பா இவர்களுக்கு நடுவில் பிறந்தவர். சண்டை என்று வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்.

சண்டைக்குக் காரணம் பிரியாணி. சின்னத்தை மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புது நன்மை விருந்து, கோயிலை ஒட்டிய பங்குக் கூடத்தில். சித்தப்பா குடும்பம் இரண்டாம் பந்தி. சித்தப்பா சொல்வது: “வெறும் சோத்தை வெச்சா. ஒரு துண்டு கறி இல்ல. கூடப்பொறந்தவனுக்கு!” சின்னத்தை சொல்வது: “நாலு துண்டு கறி இலையில அப்படியே கெடந்துச்சு. தொடாம எழுந்து போய் என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினான்.” இருவரும் மாதா மேல் சத்தியம் செய்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஆரம்பித்த சண்டை, நான் கல்லூரிக்கு வந்தும் முடியவில்லை.

அன்று அத்தை கேமராவோடு அங்கேதான் இருந்தார். நடந்தது அவருக்குத் தெரியும். இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியும் பார்த்திருக்கிறார். நம்பவில்லை. “நீ எல்லாருக்கும் நல்லவக்கா. என்கிட்ட ஒண்ணு சொல்லுவ, அவகிட்ட ஒண்ணு சொல்லுவ” என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டாராம். சின்னத்தையும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாராம். ஊரில் ஒருவர் மனதையும் நோகடிக்காதவரின் சாட்சி ஒரு காசுக்குப் பெறவில்லை. “அந்த கேசட்டைப் போடு, பார்த்துடலாம்” என்று இருவரும் கேட்பார்கள். “எங்கேயோ வெச்சேன், கிடைக்கல” என்பார் அத்தை.

இந்த நேரத்தில்தான் நான் நுழைந்தேன். ரிச்சி தெருவில் அலைந்து, கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் வயரை வாங்கிக்கொண்டு போய் அத்தை முன்னால் ஒரு சொற்பொழிவே செய்தேன். டேப் உதிரும், பூஞ்சை தின்னும், கேமராவின் பேட்டரி ஏற்கெனவே செத்துவிட்டது, எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றுவோம், வருடம், மாதம், தேதி என்று பெயர் வைப்போம், ஒரு நொடியில் தேடி எடுக்கலாம்!

“தேதி வாரியா வெச்சா எல்லாரும் கலந்து வந்துடுவாங்களே, பாப்பா.”

“கலந்துதானே அத்தை இருந்தாங்க?”

“அப்போ இருந்தாங்க.”

கடைசியில் டப்பாக்களின் பெயரிலேயே கம்ப்யூட்டரிலும் தனித்தனி அறைகள் போட்டுக் கொடுத்தேன். ‘தம்பி வந்தா’, ‘தங்கச்சி வந்தா’. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளயா இருக்கும்? பக்கத்துப் பக்கத்துலயா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ஒரு மணி நேர கேசட் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. எனக்கோ சும்மா உட்கார வராது. இடையில் கத்தரிக்கோல் தேடித் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். ரவிக்கைத் துணியில் சுற்றிய ஒரு கேசட்.

“இது என்ன அத்தை?”

“அதுவா? அது வெறும் கேசட். ஒண்ணும் இல்ல அதுல.”

கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பூட்டு உண்டு. அதைத் தள்ளி வைத்தால் மேலே வேறெதுவும் பதியாது. வெறும் கேசட்டை யாராவது பூட்டி வைப்பார்களா? நான் கேசட்டைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன். அத்தை சீலிங்கைப் பார்த்தார்.

வேறொரு காலமாக இருந்திருந்தால் அதைப் பிடுங்கி உள்ளே வைத்திருப்பார். ஆனால் சித்தப்பா மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மணப்பெண்ணுக்கு முக்காடு குத்திவிடுவது அப்பாவோடு கூடப்பிறந்த அத்தைகள்தான். ‘சின்னக்கா தப்பை ஒத்துக்காம பத்திரிகை வைக்க மாட்டேன்’ என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ‘அவனா வந்து கூப்பிடாம வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்று சின்னத்தை சொல்லிவிட்டார். இப்போது விட்டுவிட்டால் அடுத்த தலைமுறையும் டப்பா பிரித்துக்கொள்ளும். அத்தை அதற்குத்தான் தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

“போடு” என்றார். “ஆனா நீ மட்டும்தான்.”

பார்த்தேன். வெள்ளை உடுப்பில் சின்னத்தை மகள் மைக்கில் பாடுகிறாள். கேமரா பந்திப் பக்கம் திரும்புகிறது. சித்தப்பாவின் இலை: வெறும் சோறு. உடனே படம் ஆடி, தலைகீழாகி, நின்றது. அத்தை கேமராவை மேசையில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார், அணைக்காமல். அதற்கப்புறம் படம் முழுக்கச் சீலிங் ஃபேன். சத்தம் மட்டும் கேட்கிறது. அத்தை சமையல்காரரிடம் கெஞ்சுகிறார். அவர் தங்கள் ஆட்களுக்கு எடுத்து வைத்ததிலிருந்து நாலு துண்டு கொடுக்கிறார். அத்தை கொண்டுபோய் வைப்பதற்குள் சித்தப்பா எழுந்து போய்விட்டார். ஆள் இல்லாத இலையில் நாலு துண்டு. இருவருமே சொன்னது நிஜம்!

“அத்தை! இதைப் போட்டுக் காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே!”

“நடுவுல நான் பேசினதைக் கேட்டியா இல்லையா?”

கேட்டேன். அதுதான் விஷயம். வாழ்நாள் முழுக்க யாரையும் ஒரு வார்த்தை சொல்லாத அத்தை, அன்று அந்த ஆத்திரத்தில், சமையல்காரரிடம் தம்பியையும் தங்கையையும் பற்றி மனதில் உள்ளதைக் கொட்டியிருந்தார்.

“அப்போ அழிச்சிருக்கலாமே?”

“ஒவ்வொரு தடவையும் அழிக்கலாம்னுதான் வெளியே எடுப்பேன். ஆனா குழந்த பாடுறாளே அதுல. புது நன்மைக்கு வேற படம் ஏது அவளுக்கு?”

இதற்கா இத்தனை வருடம்! நான் கம்ப்யூட்டரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அத்தையின் அந்தப் பேச்சை மட்டும் அளந்து வெட்டி எடுத்து, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒட்டினேன். அத்தை ஒருமுறை பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், இருவருக்கும் போன் செய்தார். “கேசட் கிடைச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்துடு.”

இருவரும் வந்தார்கள். இன்னொருவர் வருவார் என்று தெரிந்தேதான். கேசட் தன் பக்கம்தான் பேசும் என்று இருவருக்கும் அவ்வளவு நம்பிக்கை. சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். அத்தை டீயும் காபியும் கொண்டுவந்தார்.

“உங்க சித்தப்பாவை காலை மடக்கச் சொல்லு” என்றார் சின்னத்தை என்னிடம்.

“உங்க அத்தையை ஃபேனுக்கு நேரா உக்காரச் சொல்லு. சூடு தணியும்” என்றார் சித்தப்பா என்னிடம்.

நான் கம்ப்யூட்டரை டிவியில் இணைத்து ஓடவிட்டேன். வெறும் சோறு வந்தது. “பார்த்தியா!” என்று சித்தப்பா துள்ளினார். ஃபேன் வந்தது. ‘நாலு துண்டு போடுப்பா, என் தம்பிக்கு’ என்று அத்தையின் குரல் வந்தது. “கேட்டியா!” என்று சின்னத்தை நிமிர்ந்தார். அப்புறம் நான் ஒட்டிய இடம்.

“நிறுத்து, நிறுத்து” என்றார் சித்தப்பா. “ஃபேன் குதிச்சுது.”

“என்னது சித்தப்பா?”

“ரெக்கை இங்க கீது, அடுத்த நிமிஷம் அங்க கீது. மோட்டார் வேலை பார்க்குறவன் நானு, என்கிட்டயேவா?”

“பாட்டும் தாவுது” என்றார் பாடகர் குழுவில் இருக்கும் சின்னத்தை. “ரெண்டாவது சரணமே காணோம். அக்கா, வெட்டிட்டியா?”

“இவ எப்பவும் வெட்டுவா! எம் பையன் கல்யாணத்துல என் மச்சானையே வெட்டினவதானே? நாலு துண்டுன்னு பேசினது அன்னிக்குப் பேசினதா, நேத்து பேசி ஒட்டினதா, யாருக்குத் தெரியும்?” சித்தப்பா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். அதன் வாயில் பத்திரிகைக் கட்டின் மஞ்சள் ஓரம் தெரிந்தது. “பத்திரிகை கிடையாது. அவ்ளோதான்.”

“யாருக்கு வேணும் உன் பத்திரிகை!” சின்னத்தையும் எழுந்துவிட்டார்.

அத்தை உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தார். பிளக்கைச் சொருகினார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைப் பார்க்காமலேயே டிவியில் குத்தினார்.

“அத்தை, வேணாம்” என்றேன் மெதுவாக.

“நகரு பாப்பா.”

கேசட் ஓடியது. இலை, ஆட்டம், ஃபேன். குதிக்காத ஃபேன்.

“நாலு துண்டு போடுப்பா, என் தம்பிக்கு” என்றது அத்தையின் குரல்.

“இன்னாம்மா, அண்டாவையே கவுத்தாச்சு. அடில ஒட்டிக்கினு கீறதுதான் கீது.”

“எங்கயாவது பார்த்துப் போடுப்பா. கறி இல்லன்னா அவன் மனுஷனே இல்ல. சின்ன வயசுலேர்ந்து அடுத்தவன் இலையைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுவான். தட்டு நிறைய இருந்தாலும் பக்கத்துத் தட்டுல என்னன்னு பார்ப்பான். பார்வையாலயே துண்டு எண்ணுவான். அவளும் இருக்காளே, என் தங்கச்சி! நூறு பேரைக் கூப்பிட்டு அறுபது பேருக்கு ஆக்கச் சொல்றா. விரலுக்கு ஒரு மோதிரம் போடத் தெரியுது, அந்தக் கை மட்டும் நீளாது. ஒருத்தன் பேராசை, ஒருத்தி கஞ்சம். நடுவுல நான் கேமராவைத் தூக்கிக்கினு ‘ரொம்ப அழகா இருக்குது, ரொம்ப அழகா இருக்குது’ன்னு சொல்லிச் சாகணும்.”

“உடும்மா, எங்க ஆளுங்களுக்கு எடுத்து வெச்சதுல நாலு துண்டு தரேன். டென்ஷன் ஆவாத.”

பாட்டின் இரண்டாவது சரணம் முழுதாக ஓடியது. பிறகு, “எங்கே அவன்? இப்போதானே உக்காந்திருந்தான்?” என்று அத்தை கேட்பதும், யாரோ “எழுந்து போயிட்டாரே” என்பதும்.

டிவியில் ஃபேன் சுற்றியது. நாலு துண்டு பற்றி இருவருமே மறந்துவிட்டார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

“நான் அடுத்தவன் இலையைப் பார்ப்பேனா?” என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

“மோதிரமாம்!” என்றார் சின்னத்தை. “என் கை நீளாதாம்!” பிறகு அவர் தலை, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, சித்தப்பா பக்கம் திரும்பியது. “கேட்டியாடா?”

“கேட்டேன் சின்னக்கா. சமையக்காரன்கிட்டப் போய் நம்ம மானத்தை வித்திருக்கா.”

“இவளுக்குப் போய் நான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்தேனே!”

“வா, போலாம். இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாது.”

டீயும் காபியும் ஆறின. படியில் இருவரின் செருப்புச் சத்தமும் சேர்ந்து இறங்கியது. நான் பால்கனிக்கு ஓடினேன். அத்தை மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். கீழே சந்துமுனையில் சித்தப்பா ஒரு ஆட்டோவை மறித்திருந்தார்.

“அடையாறுல ஒருத்தர், திருவான்மியூர்ல ஒருத்தர். மீட்டர் போடு.”

“இன்னா சார், ஞாயித்துக்கிழம டிராபிக் எப்டி கீதுன்னு பாத்தியா? மேல போட்டுக் குடு.”

“எதுக்கு மேல?” சின்னத்தை குரல் இரண்டாவது மாடி வரை கேட்டது. “பட்டினப்பாக்கம் தாண்டினா பாலம், பாலம் தாண்டினா எங்க வீடு. இதுக்கு மேலயா?”

“கேளு சின்னக்கா, நல்லா கேளு!”

இருவரும் சேர்ந்து கத்தினார்கள். ஆட்டோக்காரர் தோற்றுப்போய்க் கையை விரித்தார். ஏறும்போது சித்தப்பா பைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் பத்திரிகையை எடுத்து, பெயர்கூட எழுதாமல், சின்னத்தையின் மடியில் வைத்தார். சின்னத்தை அதைப் பிரித்து அங்கேயே படிக்க ஆரம்பித்தார். ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டோ திரும்பி மறையும் வரை அத்தை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று நான் தவித்தேன். கோபம் தணிந்தால் வந்துவிடுவார்கள், உங்கள் நல்ல மனசு அவர்களுக்குத் தெரியாதா என்று ஏதேதோ ஆரம்பித்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும் பாப்பா” என்றார். “நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா, சொல்லு?”

பிறகு உள்ளே போய், ஆறிப்போன காபியை மட்டும் எடுத்துக் குடித்தார். டீ தனக்கு எப்போதுமே பிடிக்காது என்றார்.